சோதினை அண்ணையும் கடல் மோட்டார் சைக்கிளும்

பழைய சாமான் வாங்கி ஏமாறாத ஒழுங்கை ஒன்று இந்தத் திருகோணமலையில் உண்டென்றால், அது அன்புவழிபுரத்தில் இரண்டு பக்கமும் வீடுகள் நெருங்கி இருக்கும் எங்கள் ஒழுங்கைதான். எந்தக் கொம்பனாலும் எங்களை ஏமாற்ற முடியாது. ஏனென்றால் போன வருடம் வரை நாங்கள் பழைய சாமான் எதையுமே வாங்கியது கிடையாது. இந்தப் பெருமை முழுவதும் சோதினை அண்ணையையே சேரும்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் அடையாள அட்டையில் இருக்கக்கூடும். நாங்கள் பார்த்ததில்லை; எதையும் சோதித்துப் பார்க்காமல் விடாததால் எங்களுக்கு அவர் சோதினை அண்ணை. துறைமுகத்துக் களஞ்சியத்தில் வந்திறங்கும் சாமான்களைத் தட்டிப் பார்த்து, எடுப்பதா திருப்பி அனுப்புவதா என்று சொல்லும் வேலையில் இருந்தவர். இளைப்பாறினார், ஆனால் அவர் கை இளைப்பாறவில்லை. சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்னச் சுத்தியல் இருக்கும். சைக்கிளோ, தையல் மெசினோ, கதிரையோ, எது முன்னால் வந்தாலும் ‘டக், டக்’ என்று இரண்டு தட்டு. பிறகு காதை வைத்துக் கேட்பார். பிறகு உதட்டைப் பிதுக்குவார். அதோடு வியாபாரம் முடிந்தது.

நான் ஒருமுறை சாப்பாடு வைக்கப் பழைய பிறிட்ஜ் ஒன்று பார்க்க அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். தட்டினார், கேட்டார், பின்பக்கம் போய் மூக்கை வைத்து மணந்தும் பார்த்தார். பிழை ஒன்றும் அகப்படவில்லை. மனுசனுக்கு முகம் வாடிவிட்டது. கடைசியில் விற்கிறவரிடம் கேட்டார்: “கதவைச் சாத்தினா உள்ளுக்கு லைற் நூருதோ?”

“ஓம், நூரும்.”

“நீர் கண்டனீரோ?”

சாத்திய பிறிட்ஜுக்குள் லைற் அணைவதை யார் காண்பது? விற்கிறவர் திருதிருவென்று முழித்தார். அண்ணை என் போனை வாங்கி, வீடியோவைப் போட்டு, பிறிட்ஜுக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார். கொஞ்ச நேரம் கழித்துத் திறந்து, அங்கேயே வைத்தபடி வீடியோவைப் பார்த்தார். “நூருது. ஆனா நூர முதல் ஒருக்கா மினுங்குது. வேண்டாம்!” என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். வீட்டுக்கு வந்த பிறகுதான் போன் ஞாபகம் வந்தது. அதற்குள் பிறிட்ஜை வேறொருவர் வாங்கிக் கந்தளாய்க்கு ஏற்றிவிட்டார். நான் பஸ் ஏறிக் கந்தளாய் போய், முன்பின் தெரியாத ஒரு குசினியில் என் போனை மீட்டேன். அந்த பிறிட்ஜ் இன்றைக்கும் அங்கே அருமையாக ஓடுகிறதாம்.

இப்படிப்பட்ட மனுசனை என் தங்கச்சி சுபாவுக்கு மாப்பிள்ளை பார்க்கவும் கூட்டிக்கொண்டு போனோம் என்றால் எங்களை என்ன சொல்வது! மாப்பிள்ளை நேசன், திரியாய் ஊர்ப் பெடியன். போட் எஞ்சினோடு வளர்ந்தவன். அண்ணை அவனை எழும்பி நடக்கச் சொன்னார், இருக்கச் சொன்னார், சிரிக்கச் சொன்னார். முழங்காலில் சுத்தியலால் தட்டாததுதான் மிச்சம். திரும்பி வரும் வழியில் தீர்ப்பு வந்தது.

“பெடியன் தங்கம். ஆனா இருக்கேக்க காலை ஆட்டிக்கொண்டே இருக்கிறான். உது தூர இடத்துக்குப் போற கால். வேண்டாம்.”

சுபாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “காலாட்டாத ஆளைத்தான் கட்டவேணுமெண்டா நான் கோயில் சிலையைத்தான் கட்டவேணும்!” என்றாள். நேசனையே கட்டினாள். எங்கள் ஒழுங்கையில் அண்ணையின் தீர்ப்பை மீறி நடந்த ஒரே கொள்வனவு அதுதான்.

மகள் பிறந்த கையோடு நேசன் கட்டாருக்கு வேலைக்குப் போனான். அண்ணை ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாததுதான் சுபாவுக்குப் பெரிய குத்தலாக இருந்தது.

போன வருடம் நேசன் லீவில் வந்து நின்றபோது ஒரு சம்பவம் நடந்தது. மகள் போனைத் தூக்கிக்கொண்டு தாயிடம் ஓடி வந்தாள். “அம்மா, அப்பாவுக்கு எடுத்துத் தாங்கோ. ஆரோ ஒரு ஆள் வந்து எங்கட வீட்டில இருக்கிறார் எண்டு அவரிட்டச் சொல்லவேணும்” என்றாள். அந்த ‘ஆரோ ஒரு ஆள்’ முன்கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த நேசன்தான். நாங்கள் சிரித்தோம். அவன் தேத்தண்ணியை வைத்துவிட்டு வளவுப் பக்கம் எழும்பிப் போனான். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது.

“மச்சான், நான் இனிப் போகேல்லை” என்றான்.

போகாவிட்டால் எதைச் செய்து பிழைப்பது? அதற்கும் யோசனை வைத்திருந்தான். உப்புவெளிக் கடற்கரையில் சீசனுக்கு வெள்ளைக்காரர் வந்து குவிகிறார்கள். பழைய சாமான் விற்கும் கிண்ணியா றபீக் நானாவிடம், மூடிப்போன ஹோட்டல் ஒன்றிலிருந்து வந்த ஜெட்ஸ்கி, அதாவது கடல் மோட்டார் சைக்கிள், ஒன்று மலிவு விலைக்குக் கிடக்கிறது. அதை வாங்கி ஆட்களை ஏற்றி ஓடலாம். அனுமதி எடுக்கிற அலுவல்களையும் விசாரித்துவிட்டான். மெசின் சரிவந்தால் ஊர். சரிவராவிட்டால் மாத முடிவில் கட்டார். வேறு வழி கிடையாது.

சுபா ஒரு நிபந்தனை வைத்தாள். “அண்ணை முந்திச் சொன்னது அப்பிடியே பலிச்சுப்போச்சு. இந்தமுறை அந்தாள் ஓம் எண்டு சொல்லாமல் ஒண்டும் வாங்கேலாது.”

ஆயுளில் ‘ஓம்’ என்று சொல்லாத மனுசனிடம் போய் ஓம் கேட்பதா? நேசன் அப்போதே பெட்டியை அடுக்கத் தொடங்கியிருக்கலாம்.

றபீக் நானா மெசினை லான்ட்மாஸ்ரர் உழவு வண்டிப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். அண்ணை சுற்றி வந்தார். ‘டக், டக்.’ காது. உதடு. பிறகு கேட்டார்: “இதை எந்தப் பீப்பாவில வைக்கிறது?”

எங்கள் பக்கத்தில் போட் எஞ்சின் வாங்குகிற எவரும் அதைத் தண்ணீர்ப் பீப்பாவுக்குள் தொங்கவிட்டு ஸ்ராட் பண்ணிப் பார்க்காமல் வாங்கமாட்டார். ஆனால் ஜெட்ஸ்கி கொள்ளும் பீப்பா எங்கே இருக்கிறது? கடலில் நேராக இறக்கலாம் என்றார் நானா. “பீப்பாவில ஓடாததை எந்த நம்பிக்கையில கடலுக்குக் கொண்டுபோறது?” என்றார் அண்ணை. முடிவில் அண்ணையின் வளவில் நிலத்தைத் தோண்டி ஒரு பெரிய கிடங்கு வெட்டினோம். தண்ணீர் ஊறாமல் படங்கு விரித்து, பவுசர் லொறியில் தண்ணீர் கொண்டுவந்து நிரப்பினோம். மெசினை அதில் மிதக்கவிட்டு, பின்னால் ஒரு கயிறு போட்டோம். கயிற்றை எதில் கட்டுவது? பக்கத்தில் நின்றது ஒரு முருங்கை மரம். அண்ணை அதை இரண்டு தரம் உலுப்பிப் பார்த்து, “தாங்கும்” என்றார். அவர் ஆயுளில் அவரிடம் பாஸான முதல் பொருள் அந்த முருங்கை மரம்.

நேசன் ஏறி இருந்து ஸ்ராட் பண்ணினான். மெசின் இனிமையாக உறுமியது.

“முழுக்கக் குடு!” என்று அண்ணை கத்தினார்.

அவன் முழுக்கக் கொடுத்தான். கிடங்கிலிருந்த தண்ணீர் முழுவதும் பின்பக்கத்தால் ஒரே பாய்ச்சலாக எழும்பி, மதிலைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக் கமலாக்காவின் முற்றத்தில் விழுந்தது. அதே நேரம் முருங்கை படாரென்று முறிந்தது. மெசின் நேசனைக் கிடங்கில் தள்ளிவிட்டு, முருங்கை மரத்தையும் இழுத்துக்கொண்டு கரையேறிப் போய்க் கோழிக்கூட்டுக்குள் புகுந்து நின்றது. கோழிகள் எல்லாம் கூரையில்.

மதிலுக்கு மேலால் கமலாக்காவின் தலை தெரிந்தது. தலையில் செத்தல் மிளகாய் ஒட்டியிருந்தது. “கோதாரி விழ! நான் வெயிலுக்கு மிளகாய் காயப் போட்டனான். நீங்கள் எல்லாருமாச் சேந்து ரசம் வைச்சுப்போட்டியளே!”

அண்ணை அசரவில்லை. கோழிக்கூட்டுக்குள் குனிந்து, மெசினை இரண்டு தட்டுத் தட்டி, எங்களைப் பார்த்துச் சொன்னார்: “தண்ணி அளவுக்கு மிஞ்சிக் குடிக்குது.”

றபீக் நானா நிலத்தில் குந்தியிருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “அண்ணன், இது கடல்ல ஓடுற சாமான். கடல்ல தண்ணி முடியாது அண்ணன்!”

அடுத்த நாள் காலை டச் பே கடற்கரைக்குப் போனோம். அண்ணை சாரத்தை முழங்காலுக்கு மேல் மடித்துச் சண்டிக்கட்டாகக் கட்டி, அதற்கு மேல் மிதவைச் சட்டையைப் போட்டு, நேசனுக்குப் பின்னால் ஏறி அவன் இடுப்பை இறுக்கிப் பிடித்தார். எங்கள் ஊரில் தெருவெல்லாம் திரிகிற மான்களில் இரண்டு, கரையில் மேய்வதை விட்டுவிட்டு அவரைப் பார்த்தன. மெசின் புறப்பட்டது. என்ன ஓட்டம்! கோயில் மலைப் பக்கமாக வெள்ளைக் கோடு போட்டுக்கொண்டு பறந்தது. காற்றில் ஒரு கூச்சல் கேட்டது. பயத்தில் கத்துகிறார் என்று நினைத்தோம். வளைந்து கரைக்குக் கிட்ட வந்தபோதுதான் தெரிந்தது, மனுசன் சிரித்துக்கொண்டிருந்தார். நான் அவரை அப்படிச் சிரிக்கக் கண்டதே இல்லை. சுபா என் கையைப் பிடித்துக்கொண்டு, “அண்ணா, ஓம் எண்டு சொல்லப்போறார்!” என்றாள்.

அவள் வாயை மூடவில்லை, மெசின் நின்றுவிட்டது.

நட்டநடுக் கடலில் நின்றது. நேசன் எத்தனையோ தரம் ஸ்ராட் பண்ணிப் பார்த்தான், அசையவில்லை. இருவரும் மிதந்தார்கள். நாங்கள் கரையில் நின்று கையைப் பிசைந்தோம். நானா வானத்தைப் பார்த்து, “யா அல்லாஹ், நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்திச்சு” என்று முணுமுணுத்தார். கனநேரம் கழித்து மீன்பிடிப் போட் ஒன்று கயிறு போட்டு அவர்களை இழுத்துக்கொண்டு வந்தது. சுபா சேலைத் தலைப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றாள்.

அண்ணை சொட்டச் சொட்ட இறங்கி வந்தார். சுத்தியலை எடுத்தார். தொடங்கிவிட்டார்.

“பெற்றோல் குழாய் வெடிச்சுக் கிடக்கு. ஸ்ராட்டர் ஒட்டுது. சீற் கிழிஞ்சிருக்கு. பிளக் கறுத்துப்போச்சு. இடப்பக்கம் சாயுது. அடியில ஒட்டுப் போட்டிருக்கு, அதுவும் வடிவா ஒட்டேல்லை…”

நேசன் தலையைக் குனிந்துகொண்டு குறுக்கிட்டான். “விடுங்கோ அண்ணை, கேட்டது காணும். நான் கட்டாருக்கு ரிக்கற்றைப் போடுறன்.”

“ஆர் வேண்டாமெண்டு சொன்னது? வாங்கு.”

எனக்குக் காது அடைத்துவிட்டது என்று நினைத்தேன். முதலில் சுதாரித்தவர் றபீக் நானாதான். விற்க வந்த மனுசன் பயந்துபோய்க் கேட்டார்: “அண்ணன், நல்லா யோசிச்சுத்தானே சொல்றீங்க?”

“இவ்வளவு பழுது இருக்கெல்லோ அண்ணை?” என்றாள் சுபா.

“பழுதுதான். இல்லையெண்டு ஆர் சொன்னது? எல்லாப் பழுதும் கண்ணுக்கு முன்னால கிடக்கு பிள்ளை. கழட்டிப் பூட்டலாம், நான் நிண்டு பூட்டித் தாறன். உவன் பிளேன் ஏறினாப் பிறகு நான் எதைக் கழட்டி, எதைப் பூட்டுறது?”

சுபா விம்மி விம்மி அழத் தொடங்கினாள். நானாவும் கண்ணைத் துடைத்தார், ஏனென்று அவருக்கே தெரியாது. அண்ணைக்கு இந்த அழுகைக் கதையெல்லாம் பிடிக்காது. “ஈரச் சாரத்தோட நிக்கிறன், ஆராவது ஒரு தேத்தண்ணி வாங்கித் தாருங்கோவன்!” என்று அதட்டினார்.

கடலில் மிதந்துகொண்டிருந்த நேரத்தில் என்ன நடந்தது என்று நேசன் பிறகுதான் எனக்குச் சொன்னான். அண்ணை முதலில் மெசினைத் தட்டிக்கொண்டிருந்தாராம். பிறகு, “கட்டாரில கடல் இருக்கோ?” என்று கேட்டாராம்.

“இருக்கு அண்ணை.”

“போய்ப் பாத்தனியோ?”

“எங்க அண்ணை, வேலையும் தங்கிற காம்பும்தான். பஸ்ஸில போகேக்கை ஒருக்காத் தூரத்தில கண்டனான்.”

அதற்குப் பிறகு அவர் தட்டவில்லையாம். போட் வரும்வரை நேசனின் முதுகில் கையை வைத்தபடி இருந்தாராம்.

சொன்னபடியே பூட்டிக் கொடுத்தார். வாரக்கணக்காக அந்த மெசின் அவர் வளவில் துண்டு துண்டாகக் கிடந்தது. கமலாக்கா கூட மதிலுக்கு மேலால் எட்டி எட்டி, “இண்டைக்கு எந்தப் பக்கத்துக்கு மழை?” என்று கேட்டபடி தேத்தண்ணி நீட்டினார். சீசன் தொடங்கியபோது மெசின் உப்புவெளியில் இறங்கியது.

இப்போது அந்தக் கடற்கரைக்கு வந்தால் நீங்கள் அவரைப் பார்க்கலாம். வெள்ளைக்காரர் மிதவைச் சட்டையைப் பூட்டி முடிந்ததும், கொளுக்கியில் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டிக் காதை வைத்துக் கேட்பார். அவர்கள் அது ஏதோ எங்கள் ஊர்ச் சடங்கு என்று நினைத்துக் கை கூப்புகிறார்கள். இவரும் பெரிய மனதோடு தலையாட்டுகிறார். மெசின் இடைக்கிடை முரண்டு பிடிக்கிறதுதான். ஆனால் நேசன் இங்கேதான் நிற்கிறான், காலை ஆட்டிக்கொண்டு.

அவன் ஆட்களை ஏற்றிக்கொண்டு போனால், திரும்பி வரும்வரை அண்ணை நின்றபடிதான் நிற்பார். கண் கடலை விட்டு எடுபடாது. சுபா கதிரையைக் கொண்டுவந்து வைத்து, “இருங்கோ அண்ணை, அவர் வந்திடுவார்” என்பாள். “நான் மெசினையெல்லோ பாக்கிறன்” என்பார். நேசன் கரையில் இறங்க வேண்டும், மகள் “அப்பா!” என்று ஓடிப்போய் அவன் கழுத்தைக் கட்டிக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகுதான் மனுசன் பெருமூச்சு விட்டுக் கதிரையில் சாய்வார். மெசின் அப்போதும் தண்ணீரில்தான் கிடக்கும், அவர் அதைத் திரும்பியும் பார்ப்பதில்லை.