பதினோரு விருந்தும் ஒரு கிருமியும்

என் சமையலில் எண்ணெய் கொஞ்சம் தாராளம்தான். இதை நான் ஒப்புக்கொள்வது இதுவே முதல்முறை. அந்தக் காலத்தில் யாராவது இதைச் சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆதாரம் தேடப் போய்விடுவேன். அப்படித் தேடப் போய்த்தான் என் கணவரின் கத்தார் வேலைக்கு வேட்டு வைத்தேன்.

அவர் ரேணிகுண்டாவில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வெல்டர். அங்கே வாரத்தில் பாதி நாள் வேலை இல்லை. ஆந்திர எல்லையில் இருக்கும் எங்கள் புத்தூரில் தெருவுக்கு இரண்டு பேர் வளைகுடாவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த சமயம் அது. இவரையும் கத்தாரில் ஒரு கம்பெனி எடுத்துக்கொள்வதாகச் சொன்னது. "மெடிக்கல்ல லிவரு, சுகரு ரெண்டும் ஒழுங்கா இருக்கணும். இல்லன்னா அன்ஃபிட்டுன்னு சீல் குத்திடுவாங்க" என்றார் ஏஜென்ட். எங்கள் பையனுக்கு அப்போது மூன்று வயது. அவன் படிப்பு, ஒழுகும் கூரை, எல்லாமே அந்த ஒரு சீல் விழாமல் இருப்பதை நம்பி இருந்தன.

முன்ஜாக்கிரதையாக (அது மட்டும் என்னிடம் எப்போதும் கையிருப்பு) அவரைத் திருப்பதியில் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனேன். ரொம்ப நாளாக வயிற்று எரிச்சல் வேறு. ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்பு என்று வந்தது. சர்க்கரை விளிம்பில் நின்றது. மூச்சை ஊதச் சொல்லிப் பார்த்ததில் இரைப்பையில் ஒரு கிருமி குடியிருப்பதும் தெரிந்தது. "எரிச்சலுக்காகக் கிருமியைக் கொல்லலாம். லிவருக்கு நடைதான் மருந்து. சோறும் எண்ணெயும் குறையணும்" என்றார் டாக்டர். கடைசி இரண்டு வரிகளை, கச்சேரி முடிவில் பாடும் மங்களம்போல, எல்லா டாக்டரும் எல்லோருக்கும் சொல்வது என்று எடுத்துக்கொண்டேன்.

வீட்டில் அத்தை, அதாவது என் மாமியார், விஷயத்தைக் கேட்டுவிட்டு ஒரே வரியில் தீர்ப்புச் சொன்னார்.

"நான் ஆக்கிப் போட்ட வரைக்கும் எம் புள்ள லிவரு நல்லாத்தான் இருந்துச்சி."

மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் பி.எஸ்சி. விலங்கியல். நான்காம் நாள் பிரவுசிங் சென்டருக்குப் போய்ப் பதினெட்டுப் பக்கம் பிரின்ட் எடுத்து வந்தேன். அந்தக் கிருமி உடம்பில் லேசான அழற்சியை மூட்டிக்கொண்டே இருக்குமாம். அதனால் இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் போகலாமாம். கல்லீரலில் கொழுப்பு சேரலாமாம். சில ஆய்வுகளில் தொடர்பு தெரிகிறது, சிலவற்றில் தெரியவில்லை என்றும் போட்டிருந்தது. தெரிகிறது என்ற வரிகளுக்கு மட்டும் சிவப்பு மையில் கோடு போட்டேன்.

"பாருங்க அத்தே. எண்ணெ இல்ல. கிருமி."

"அது யார் ஊட்லேர்ந்து வந்துச்சாம்?"

(இதற்கும் பதில் பதினோராம் பக்கத்தில் இருந்தது: பெரும்பாலும் சின்ன வயதில், கூட இருக்கும் வீட்டாரிடமிருந்து. நான் அதைப் படித்துக் காட்டியிருக்கக் கூடாது. இரண்டு நாள் பேச்சு வார்த்தை நின்றுபோனது.)

மாத்திரை இரண்டு வாரம். "தகரத்த வாயில போட்டு மென்னுகினு இருக்கற மாதிரி கீது" என்று அவர் புலம்பப் புலம்ப ஒரு வேளை தவறாமல் கொடுத்தேன். கிருமி ஒழிந்ததா என்று பார்க்க இன்னும் ஒரு மாதம் பொறுக்க வேண்டும். அந்த ஒரு மாதத்தில்தான் விருந்துகள் வந்து சேர்ந்தன.

எங்கள் பக்கம் ஒருவர் கடல் தாண்டப் போகிறார் என்றால் சொந்தக்காரர்கள் முறை வைத்துக் கூப்பிட்டுச் சோறு போடுவார்கள். ஒரு வீட்டில் கை நனைத்துவிட்டு இன்னொரு வீட்டைத் தவிர்த்தால் அடுத்த கல்யாணத்துக்குப் பத்திரிகை வராது. புத்தூர், நகரி, சத்தியவேடு என்று மொத்தம் பதினோரு வீடு.

முதல் விருந்து நகரியில் நாத்தனார் வீட்டில். பாவம், அவள் தயங்கினாள்.

"அண்ணி, அண்ணனுக்கு லிவர்ல இன்னாவோ சொன்னாங்களாமே. கறி போடலாமா?"

நான் பிரின்ட்டும் கையுமாகப் போயிருந்தேன். "தாராளமா போடு. அதெல்லாம் கிருமியால வந்தது. அதக் கொன்னாச்சு."

அப்போது என் கணவர் முகத்தில் வந்த ஒளியைக் கல்யாணத்தன்றுகூட நான் பார்த்ததில்லை. ஐந்தாவது வீட்டுக்குப் பிறகு நான் வாயே திறக்க வேண்டியிருக்கவில்லை. அவரே "கொன்னாச்சு" என்று அறிவித்துவிட்டு இலையை இழுத்துப் போட்டுக்கொண்டார். எனக்கு நடுநடுவே பகீரென்று சந்தேகம் வரும். சிவப்புக் கோடுகளைப் பார்ப்பேன், போய்விடும்.

மறுபடி திருப்பதி. அத்தையும் பையனும் கூட வந்தார்கள். இவர் மூச்சை ஊதினார். கிருமி இல்லை. நான் வெற்றியோடு அத்தை பக்கம் திரும்பினேன். டாக்டர் அடுத்த காகிதத்தைப் புரட்டினார். கோபம் வந்தால் அவருக்குப் பாதி தெலுங்கு.

"கொழுப்பு இன்னும் ஜாஸ்தி ஆயிந்தே! வெயிட்டும் ஆறு கிலோ ஏறியிருக்கு. ஏமி தின்னாவய்யா?"

"பதினோரு ஊட்ல விருந்து சார். கிருமி போச்சுன்னா லிவரு தானா சரியாயிடும்னு…"

"எவரு செப்பாரு?"

என் கணவர் மென்மையான மனிதர். விரலை மட்டும் என் பக்கம் நீட்டினார். அத்தையின் விரலும் நீண்டது. ஏதோ விளையாட்டு என்று நினைத்து, என் மடியில் உட்கார்ந்திருந்த பையனும் திரும்பி என்னையே காட்டினான்.

பிரின்ட்டை எடுத்துக் கொடுத்தேன். டாக்டர் பொறுமையாகப் படித்தார். பிறகு பேனாவை எடுத்து, நான் விட்டுவைத்த வரிகளுக்கெல்லாம் கோடு போட்டார். "கிருமிக்கும் சம்பந்தம் இருக்கலாம்மா. இன்னும் யாருக்கும் உறுதியா தெரியாது. ஆனா பதினோரு வீட்ல பிரியாணி தின்னது கிருமி இல்லம்மா."

மெடிக்கலில் அன்ஃபிட் சீல் விழுந்தது. கத்தார் காத்திருக்கவில்லை. விருந்து போட்ட வீட்டார் தெருவில் பார்த்தால் "எப்ப ஃபிளைட்டு?" என்று கேட்பார்கள். அதற்குப் பயந்து இவர் விடிவதற்குள் எழுந்து ரயில்வே கேட் வரை நடந்துவிட்டு வருவார். ஒருநாள் அங்கேயும் சத்தியவேட்டுப் பங்காளி ஒருவர் எதிரே வந்துவிட்டார்.

"இன்னாப்பா, கத்தாரு இவ்ளோ கிட்டவா கீது?"

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் காலை நடைக்குப் பெயர் கத்தார். "எங்க உங்க ஊட்டுக்காரு?" என்றால் "கத்தார் போய்க்கினு கீறாரு" என்பார்கள். ஒரு வருடத்தில் கொழுப்பும் சர்க்கரையும் இறங்கின. அவர் வீட்டோடு கேட், கிரில் அடிக்க ஆரம்பித்தார். கூரைக்கு மட்டும் நான்கு மழைக்காலம் பொறுத்திருந்தோம். அதை நினைத்தால் இப்போதும் என் சிரிப்பு பாதியில் நின்றுவிடும்.

போன மாதம் எனக்கே ஸ்கேன் எடுக்க நேர்ந்தது. எனக்கும் கல்லீரலில் கொழுப்பு. (ஆசையோடு சோதித்துப் பார்த்தேன், கிருமி இல்லை.) காகிதத்தோடு வீட்டுக்குள் நுழைந்தேன். அத்தை என் முகத்தைப் பார்த்தார், கையைப் பார்த்தார், உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார்.

"டேய், உம் பொண்டாட்டிக்கும் கத்தார் விசா வந்துடுச்சிடா!"