அக்கா போனில் என் கணக்கு

மரியாதைக்குரிய அத்தான் அவர்களுக்கு,

தங்கள் மைத்துனன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு அப்பாவின் இருமலைத் தவிர மற்ற அனைவரும் நலம். தங்கள் நலத்தை விசாரிக்கும் தகுதி எனக்கு இப்போது இல்லை. ஆனால் விசாரிக்காமல் கடிதம் தொடங்கக் கூடாது என்று அப்பா பக்கத்தில் நின்று சொல்வதால் விசாரிக்கிறேன். அக்காவும் குட்டியும் இங்கே வந்து இன்றோடு பன்னிரண்டு நாள் ஆகிறது. மூன்று முறை போன் செய்தேன், தாங்கள் எடுக்கவில்லை. அக்காவின் போனில் தாங்கள் பார்த்த அந்த ஆறு தேடல்களும் என்னுடையவை. அவை எப்படி அங்கே போயின என்று தெரிந்துவிட்டால் தாங்களே வந்து இருவரையும் அழைத்துக்கொண்டு போவீர்கள் என்று நம்பி எழுதுகிறேன்.

அக்கா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். மருந்துக்கடையில் எட்டு மணி நேரம் நின்றுகொண்டே பில் போட்டு முதுகு வலிக்கிறது என்று ஒரு நாள் போனில் ஏதோ தேடியிருக்கிறாள். அன்றிலிருந்து எதைத் திறந்தாலும் முதுகுக்குப் பட்டை, முதுகுக்கு எண்ணெய், முதுகுக்கு மெத்தை. குட்டிக்கு வகுத்தல் சொல்லித்தரப் பக்கத்தைத் திறந்தால் ஈவு இருக்கிற இடத்தில் ஒரு பெண் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாளாம். "தம்பி, இந்த விளம்பரம் வராம பண்ண முடியுமாடா?" என்றாள். முடியும் என்று சொல்லி அதை மட்டும் செய்திருக்கலாம். நான் போன் ரிப்பேர் கடையில் வேலை செய்கிறவன், அதைக் காட்ட வேண்டாமா. பழைய பிரவுசரைத் தூக்கிவிட்டு, நம்மைப் பின்தொடராத புது பிரவுசர் ஒன்றைப் போட்டேன். கம்ப்யூட்டரில் போலவே இதிலும் எக்ஸ்டென்ஷன் சேர்க்கலாம். விளம்பரத்தைத் தடுக்க ஒன்று, வேவு பார்ப்பதைத் தடுக்க ஒன்று, கண் கூசாமல் இருக்க ஒன்று, எதற்கென்று எனக்கே நினைவில்லாத இன்னும் இரண்டு. போதாதென்று, மூடியதும் எல்லா ஹிஸ்டரியும் தானாக அழிகிற மாதிரியும் வைத்தேன். ஒவ்வொன்றாகப் போடச் சோம்பேறித்தனப்பட்டு, என் கணக்கிலேயே அக்கா போனையும் நுழைத்துவிட்டேன். நுழைத்ததும் என் போனில் இருந்த எக்ஸ்டென்ஷன் எல்லாம் வரிசையாக வந்து உட்கார்ந்தன. இரண்டே நிமிடம். அந்த இரண்டு நிமிடம்தான் இன்றைக்குப் பன்னிரண்டு நாளாகி நிற்கிறது.

முதல் வாரம் குட்டியின் பள்ளி அறிவிப்பு மாட்டியது. பெற்றோர் கூட்டத் தேதியைச் சிவப்புக் கட்டம் கட்டி, மின்ன வைத்து, மூலையில் மணியும் அடிக்கவிட்டிருந்தார்கள். எக்ஸ்டென்ஷன் அதை விளம்பரம் என்று நினைத்துத் தடுத்துவிட்டது. நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். ஆனால் மறுநாள் டீச்சர் முன்னால் நின்று "நாங்க எல்லாத்தையும் கரெக்டா பாக்கறவங்கதான் மேடம்" என்று சொல்ல வேண்டி வந்தது தங்களுக்கு. பஸ்ஸில் டிக்கெட் பரிசோதிக்கிறவரை ஒரு டீச்சர் பரிசோதித்தது தங்களுக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று எனக்குப் புரிகிறது. வருந்துகிறேன்.

அடுத்தது அந்த ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு காலை சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து தாங்கள் கையை நீட்டுவதும், அக்கா போனை அந்தக் கையில் வைப்பதும் பத்து வருடமாக நடக்கிறது என்று எனக்கு இப்போதுதான் தெரியும். போனைத் திறந்தால் ஹிஸ்டரி சுத்தமாகக் காலி.

"என்ன, ஒண்ணையும் காணோம்?"

"தம்பி என்னமோ போட்டுக் குடுத்தான். தானா அழிஞ்சிடுமாம்."

"அழிக்கற அளவுக்கு அப்படி என்ன பாத்த?"

"வகுத்தல் கணக்கு பாத்தேன்."

"வகுத்தலை யாராவது அழிப்பாங்களா?"

உடனே எனக்குப் போன் செய்தீர்கள். மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டியவன், எல்லாருடைய போனிலும் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று பாடம் எடுத்தேன். "எனக்கு மறைக்க ஒண்ணும் இல்லப்பா" என்றீர்கள். "அப்ப உங்க போனை அக்கா கையில குடுங்க அத்தான்" என்றேன். உடனே போனை வைத்துவிட்டீர்கள். அப்படிப் பேசியிருக்கக் கூடாது. ஆனால் அத்தான், எங்கள் கடைக்குத் தினமும் பத்துப் பெண்களாவது உடைந்த போனோடு வருகிறார்கள். பாஸ்வேர்டு என்ன என்று அவர்களைக் கேட்டால் பக்கத்தில் நிற்கிற ஆள் சொல்கிறார். அவருடைய போனை ரிப்பேருக்குக் கொண்டுவந்தால் அதைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு அவரே அழுத்துகிறார். இதைத் தினமும் பார்த்துப் பார்த்து வயிறு எரிந்துதான் அன்றைக்கு வாய் நீண்டுவிட்டது. வாய் என்னுடையது, அடி அக்காவுக்கு என்று யோசிக்கவில்லை. இதற்கும் வருந்துகிறேன்.

சமாதானம் ஆகட்டும் என்று நான் செய்தது அதைவிட மோசம். அக்காவின் போனை வாங்கி, ஹிஸ்டரி அழிகிற வசதியை மட்டும் நிறுத்தினேன். என் கணக்கு உள்ளே இருப்பதை மறந்துபோனேன். ஒரே கணக்கு என்றால் என் போனில் நான் தேடுவது அங்கேயும் தெரியும், அவள் தேடுவது இங்கேயும் தெரியும். அடுத்த ஞாயிறு தங்கள் கையில் கிடைத்தவை இவை: தனி ஆளுக்கு வாடகை அறை. சொல்லாமல் வேலையை விட்டால் என்ன செய்வார்கள். முதலாளி நம் போனைப் பார்க்கலாமா. முன்மண்டை முடி திரும்ப முளைக்குமா. ஒருவர் நம்மை விரும்புகிறார் என்று எப்படித் தெரிந்துகொள்வது. பள்ளிக்குப் பக்கத்தில் இரண்டு அறை வீடு.

முதல் மூன்றும், கடையில் கேமராவை என் தலைக்கு நேராக மாட்டி, வேறு ஊருக்கே ஓடிவிடலாமா என்று நினைக்க வைக்கிற முதலாளியின் புண்ணியம். நான்காவது என் தலையைப் பற்றியது, தங்கள் தலையைப் பற்றியதல்ல. அக்கா அப்படிக் கேலி செய்கிறவள் இல்லை. ஐந்தாவது, எதிர்க்கடையில் ஜெராக்ஸ் எடுக்கிற பெண். அவளுக்கே இன்னும் தெரியாது, தாங்களும் சொல்லிவிட வேண்டாம். "யார்டி அவன்?" என்று தாங்கள் குட்டியின் முன்னால் கேட்ட அவன் இந்த உலகத்திலேயே இல்லை. ஆறாவதும் நான் தேடியதுதான். பள்ளிக்கூடம் பக்கத்தில் இருந்தால் சாயங்காலத்துக்கு மேல் அமைதியாக இருக்கும் என்று ஒரு எண்ணம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், சொல்லாவிட்டால் இந்தக் கடிதத்துக்கு அர்த்தமில்லை. அக்கா காலேஜ் படித்தபோது தினமும் அவள் போனை வாங்கிப் பார்த்து அப்பாவிடம் ஒப்பித்தவன் நான். எனக்குப் பதினான்கு வயது, வீட்டில் அதற்குப் பொறுப்பான பிள்ளை என்று பெயர். தாங்கள் அந்த வேலைக்கு எனக்குப் பிறகு வந்தவர்தான். இந்தத் தடவையும், அவள் தேடுவது என் போனில் வந்து விழுந்தபோது நான் பார்த்தேன். ஒரு நாள் தெரியாமல் பார்த்தேன், மற்ற நாட்கள் தெரிந்தே பார்த்தேன். முதுகு வலி, வகுத்தல், நின்று பில் போடுகிறவர்களுக்கு நாற்காலி கேட்கச் சட்டம் உண்டா, இவ்வளவுதான். எவனும் வேவு பார்க்கக் கூடாது என்று அத்தனை பூட்டையும் போட்டுவிட்டுச் சாவித் துவாரத்தில் நானே கண்ணை வைத்திருக்கிறேன். அவளிடம் இதை இன்னும் சொல்லவில்லை. தங்களிடம் சொல்வது சுலபமாக இருக்கிறது.

ஆகவே அத்தான், எல்லாத் தப்பும் என் மேல்தான். கோபத்தை என்னிடம் காட்டுங்கள், வந்து அக்காவைக் கூப்பிட்டுக்கொண்டு போங்கள். குட்டி பன்னிரண்டு நாளாகப் பள்ளிக்கு இரண்டு பஸ் மாறிப் போகிறாள். அக்கா அழவில்லை. அழுதால்கூடத் தேவலை, சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போகிறாள், வருகிறாள், நன்றாகத் தூங்குகிறாள். அப்பாவுக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

தங்கள் அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். தங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

என்றும் தங்கள் மேல் மதிப்புள்ள,
மைத்துனன்

பி.கு: கவரை ஒட்டுவதற்குள் அக்கா கடிதத்தைக் கேட்டு வாங்கி, நின்றபடியே முழுதும் படித்துவிட்டாள். சாவித் துவாரத்துப் பகுதியை இரண்டு தடவை படித்தாள். பிறகு, "உனக்கு எதுக்குடா ஸ்கூல் பக்கத்துல ரெண்டு ரூம் வீடு?" என்றாள். நான் அமைதி என்று ஆரம்பித்தேன். "பொய் சொன்னது போதும், ஆறாவது என்னுதுன்னு எழுது" என்றாள். எழுதிவிட்டேன். சண்டைக்கு ஒரு மாதம் முன்பிருந்தே தேடிக்கொண்டிருந்தாளாம். நேற்று அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது, ஒன்றாம் தேதி போகிறாள். தன் போனை என்னிடம் நீட்டி என் கணக்கை எடுக்கச் சொன்னாள், எடுத்துவிட்டேன். அவள் என்ன தேடுகிறாள் என்று இனி எனக்கும் தெரியாது. புது வீட்டு முகவரியை இதில் எழுதட்டுமா என்று கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "எழுது. குட்டியப் பாக்க வரட்டும். வந்தா கதவைத் தட்டிட்டு, தொறக்கற வரைக்கும் வெளிய நிக்கச் சொல்லு. நீயும்தான்."