செண்பகவல்லியை வழியனுப்பிவைத்த கதை

ஒரு காட்டில், மனு எழுதிக் கொடுக்காமல் ஓர் இலைகூட உதிர முடியாத காட்டில், செண்பகவல்லி என்றொரு முள்ளம்பன்றி இருந்தாள். அவளுக்கு எட்டு மாதமாக முள் இறங்கவில்லை.

முள்ளம்பன்றிக்குப் பதற்றம் வந்தால் முள் சிலிர்க்கும், பிறகு தானாகப் படிந்துவிடும். இவளுக்குப் படியவே இல்லை. மல்லாந்து படுக்க முடியவில்லை. வளைக்குள் நுழைந்தால் பாதி மண் சரிந்தது. அவள் புருஷன் சங்கரலிங்கம் நல்ல மனுஷன், அதாவது நல்ல பன்றி. ஆனாலும் பத்தடி தள்ளித்தான் பாய் விரித்தான்.

டாக்டர் மரங்கொத்தி அவள் தலையில் மூன்று தட்டுத் தட்டிப் பார்த்தார்.

“வீட்டுல எத்தன பேரு?”

“நானும் அவுகளுந்தான்.”

“பெறகு என்ன கவல?”

“வீட்டுக்கு வாரவுக எத்தன பேருன்னு கேளுங்க டாக்டர்.”

அவர் கேட்கவில்லை. காட்டுக்கே தெரிந்த விஷயம். செண்பகவல்லி அந்தக் குடும்பத்தின் மூத்த மருமகள். விடிந்தால் குரங்குக் கொழுந்தன் மாடசாமி வந்து, “மதினி, என் சட்டையப் பாத்தியளா?” என்பான். அவன் சட்டை போடுவதே கிடையாது. நரிப் பெரியப்பா செல்போனை நீட்டி, “தாயி, எவனோ ஓடிபி கேக்கான், சொல்லிரட்டா?” என்பார். காட்டுக்கோழி அத்தை காரணமே இல்லாமல் வந்து, சாயங்காலம் வரை அந்தக் காரணத்தோடேயே உட்கார்ந்திருப்பாள்.

டாக்டர் சீட்டில் எழுதினார்: ‘மூன்று நாள் கடல் காற்று. வேறு மருந்து இல்லை.’

கடலுக்குப் போகிற ஒரே வண்டி யானைதான். திங்கள்கிழமை காலை எட்டே முக்காலுக்குக் கிளம்பும் என்று பலகையில் போட்டிருக்கும். பத்தரைக்கு முன்னால் கிளம்பியதாகச் சரித்திரம் இல்லை. முன்பதிவு கவுன்ட்டரில் கொக்கு ஒற்றைக் காலில் நின்றபடியே விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்தது.

“முள்ளு மடங்குன நெலையில எடுத்த போட்டோ வேணும்.”

“அது மடங்கணும்னுதான ஐயா ஊருக்கே போறோம்?” என்றான் சங்கரலிங்கம்.

“அப்ப போயிட்டு வந்து அப்ளை பண்ணுங்க.”

நாலு நாள் வரிசையில் நின்று, செண்பகவல்லியை ஒரு கோணிச் சாக்கால் மூடிப் படம் எடுத்துக் கொடுத்து, ஒருவழியாக இரண்டு டிக்கெட் வாங்கிவிட்டான். படத்தில் சாக்கு மட்டும்தான் தெரிந்தது. கொக்கு, முகஜாடை ஒத்துப்போகிறது என்று முத்திரை குத்தியது.

சேதி பரவியது. பயணத்தை லேசாக்குவது எப்படி என்று சொல்லிக்கொடுக்க ஒவ்வொருவராக வந்தார்கள். அலைச்சலில் வயிறு கெடும் என்று அத்தை ஒரு தூக்குவாளி புளிச்சோறு கட்டினாள். கடற்கரையில் உட்கார இடம் கிடைக்காது என்று பெரியப்பா ஒரு பெஞ்சியைக் கொண்டுவந்தார். போர் அடித்தால் என்ன செய்வீர்கள் என்று மாடசாமி கேரம் போர்டு தந்தான். கைவீசிப் போக நினைத்த செண்பகவல்லிக்குக் கடைசியில் பதினேழு உருப்படி சேர்ந்தது. எல்லாம் பாரம் தெரியாமல் இருப்பதற்காக. அவள் வாலில் இருந்த முள்ளும் எழும்பிவிட்டது.

திங்கள்கிழமை வழியனுப்ப முப்பத்தொரு பேர் வந்தார்கள். யானை மண்டியிட்டுக் காத்திருந்தது. வழக்கமான பயணிகள் ஒருவரையும் காணோம். பத்து மணிக்கு மேல் வந்தால் போதும் என்பது அவர்களுக்குத் தெரியும். செண்பகவல்லி ஏணியில் கால் வைக்கப் போனாள்.

“ஏட்டி, நில்லு!” என்று அத்தை கத்தினாள். “ஏழரையிலேருந்து ஒம்பது ராகுகாலம். ஒம்பது அடிக்காம கால எடுத்து வச்சிராத!”

“வண்டி போயிருமே அத்தை?”

“இந்த ஆன என்னிக்கு நேரத்துக்குப் போயிருக்கு? நீங்க கீழ நில்லுங்க. நாங்க மேல ஏறி சாமானெல்லாம் அடுக்கி, எடம் பிடிச்சு வைக்கோம்.”

“உங்களுக்கு ராகுகாலம் கெடையாதா?”

“நாங்க என்ன பிரயாணமா போறோம்?”

முப்பத்தொரு பேரும் ஏறினார்கள். பெரியப்பா இருக்கை மெத்தென்று இருக்கிறதா என்று உட்கார்ந்து பார்த்தார், சந்தேகமாக இருந்ததால் படுத்தும் பார்த்தார். மாடசாமி ஓரத்து இருக்கையில் துண்டு போட்டுவிட்டு, துண்டுக்குப் பாதுகாப்பாகத் தானும் உட்கார்ந்தான்.

மணி எட்டே முக்கால். நடத்துநர் மைனா தலைகளை எண்ணியது. வண்டி நிறைந்து வழிந்தது. மைனா தன் வாழ்நாளில் இப்படி ஒரு காட்சியைக் கண்டதில்லை. விசில் அடித்துவிட்டது. யானை எழுந்தது.

“நிறுத்துங்க! நாங்க வழியனுப்ப வந்தவுக!” என்று முப்பத்தொரு குரல் கேட்டது.

“கடல் வரைக்கும் நடுவுல ஸ்டாப்பிங் கெடையாது,” என்றது மைனா.

பறக்கத் தெரிந்த அத்தைகூட, புளிச்சோற்றை விட்டு இறங்க மனம் வராமல் தூக்குவாளியைக் கட்டிக்கொண்டே போய்விட்டாள். கீழே நின்ற இருவரும், என்ன செய்வதென்று தெரியாமல், கையை ஆட்டி டாட்டா காட்டினார்கள்.

செண்பகவல்லி அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தாள். கடல் போச்சு, டிக்கெட் போச்சு, இந்த ஜென்மத்தில் முள் இறங்காது என்று புலம்பினாள். புலம்பி முடித்த பிறகுதான் கவனித்தாள், என்ன ஆச்சு என்று கேட்க வாசலில் ஒருவரும் இல்லை. சட்டையைத் தேடி யாரும் வரவில்லை. ஓடிபி எதுவும் வரவில்லை. மத்தியானம் யாரோ கூப்பிட்ட மாதிரி இருக்க, இரண்டு தடவை எழுந்து போய்ப் பார்த்தாள். காற்று.

செவ்வாய்க்கிழமை முதுகு முள் படிந்தது. புதன்கிழமை வால். வியாழக்கிழமை காலையில் அவள் மல்லாந்து படுத்து, நாலு காலையும் விரித்து, தன் குறட்டைச் சத்தத்தைத் தானே கேட்டு விழித்துக்கொண்டாள். சங்கரலிங்கம் பாயை நகர்த்தி நகர்த்திப் பக்கத்தில் வந்திருந்தான். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவர்கள் பாவம் எப்படித் தவிக்கிறார்களோ என்று கொஞ்சம் வருத்தமும் வந்தது. அதை ஒரு வாழைப்பழத்தோடு சேர்த்து விழுங்கிவிட்டாள்.

அன்று சாயங்காலம் யானை திரும்பியது. பெரியப்பாவின் மூக்குத் தோல் உரிந்திருந்தது. மாடசாமியின் காதெல்லாம் மணல். அத்தைக்குத் தொண்டை கட்டியிருந்தது. முப்பத்தொரு பேருக்கு ஓர் அறை கிடைத்ததாம். அதில் பாதி இடத்தைப் பெஞ்சி பிடித்துக்கொண்டதாம்.

“எல்லாம் ஒனக்காகத்தான் தாயி,” என்றார் பெரியப்பா, நொண்டிக்கொண்டே.

செண்பகவல்லி எல்லோருக்கும் காப்பி போட்டுக் கொடுத்தாள். அவள் முதுகில் ஒரு முள்கூட அசையவில்லை.

“அடுத்த மாசம் நாங்க மலைக்குப் போறோம்,” என்றாள் தேனாய். “அது ஒரு வாரப் பயணம். நல்ல ராகுகாலமாப் பாத்துச் சொல்லுங்க அத்தை.”

“அதுக்கென்னட்டி, பாத்தாப் போச்சு,” என்றாள் அத்தை கட்டிய தொண்டையோடு. “வழியனுப்ப நாங்க வராம வேற யாரு வருவா?”

நீதி: விடுமுறைப் பயணம் நிம்மதியாக அமைய, டிக்கெட்டை உங்கள் பெயரில் எடுங்கள், வண்டியில் உறவினரை ஏற்றுங்கள்.