ராணிக்காக எடுத்த மீசை

யாழ்ப்பாணத்துச் சைவ வீட்டில் பிறந்த ஆணுக்கு மீசை அழகுக்காக முளைப்பதில்லை. ஊருக்குச் செய்தி சொல்ல முளைக்கிறது. மீசை வைத்திருந்த ஒருவன் திடீரென்று மழித்த முகத்தோடு தெருவில் வந்தால், அவன் வீட்டில் தாயோ தகப்பனோ போய்விட்டார் என்று அர்த்தம். வேறு அர்த்தம் கிடையாது. இதெல்லாம் நன்றாகத் தெரிந்திருந்தும், ஐயா (என் தகப்பனார்) கல்லுப்போல இருக்க, நான் மீசையை எடுத்தேன். அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. (மூளை மட்டும் பத்து வயதில் நின்றுவிட்டது.)

வெள்ளைக்காரன் மூட்டை கட்டத் தொடங்கியிருந்த காலம். வெள்ளவத்தையில் கலியாணமாகாத கிளாக்குமார் (குமாஸ்தாக்கள்) ஐந்தாறு பேர் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, சமையற்காரர் ஒருவரையும் வைத்துக்கொண்டு குடியிருந்தோம். பகலில் அரசாங்கத்துக்கு உழைப்பு, பின்னேரத்தில் கலைக்கு. அந்தக் கொழும்பில் ஒரு சனிக்கிழமையும் சும்மா போகாது. பம்பலப்பிட்டியில் கச்சேரி, மருதானையில் பேச்சுப்போட்டி, கொட்டாஞ்சேனையில் நாடகம் என்று எங்கேயாவது ஏதாவது நடக்கும். எங்களுக்கும் கை சும்மா இருக்கவில்லை. போரில் இறந்த ராஜாவின் உடலின்மேல் ராணி விழுந்து அழும் ஒரு நாடகத்தை நாங்களே எழுதி, கொட்டாஞ்சேனையில் ஒரு மண்டபமும் பிடித்துவிட்டோம். எங்கள் நாடகத்தில் நடிக்க எந்த வீட்டுப் பெண் வருவாள்? "உன்ரை முகவெட்டுத்தான்ரா ராணிக்குச் சரி" என்றான், ராஜாவாக நடித்த கந்தசாமி. அந்தப் புகழ்ச்சியில் நான் மயங்கிப்போனேன்.

வருகிற ஆவணிக்கென்று எனக்குக் கலியாணம் நிச்சயமாகியிருந்தது. பெண் யாழ்ப்பாணத்திலேயே வேறு ஊர், பெயர் மகேஸ்வரி. எனக்கு அவளை வெளியே சொல்ல வெட்கப்படுமளவுக்குப் பிடித்திருந்தது. பயம் ஒன்றுதான்: அவளுடைய தாய்மாமன் அம்பலவாணர். பெரிய கந்தோர் (அலுவலகம்) ஒன்றில் தலைமைக் கிளாக்கர், குடியிருந்ததோ எங்கள் தெருவில். "கூத்தாடிக்குப் பொம்பிளை குடுக்கிறதிலும் பாக்கக் கிணத்திலை தள்ளலாம்" என்பது அவர் அடிக்கடி சொல்வது. நான் நடிப்பது தெரிந்தால் சம்பந்தம் அன்றோடு சரி.

நாடகம் சனிக்கிழமை. புதன்கிழமை மீசையை மழித்துக்கொண்டு ஒத்திகைக்குப் போனேன். புலம்பிப் புலம்பித் தொண்டை கட்டிவிட்டது. அழுகை வருவதற்காக வெங்காயம் தேய்த்ததில் கண்ணும் சிவந்து வீங்கிவிட்டது. அந்தக் கோலத்தில், வெள்ளை வேட்டியோடு வீட்டுக்குத் திரும்பும்போது அம்பலவாணர் எதிரே வந்தார். என் மேலுதட்டைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார். கையிலிருந்த குடை கீழே விழுந்தது.

"ஐயோ தம்பி! கொப்பருக்கு எப்ப நடந்தது?"

(கொப்பர் என்றால் உன்னுடைய தகப்பன்.) உண்மையைச் சொன்னால் ராணி வேடத்தையும் சொல்லவேண்டும், பிறகு மகேஸ்வரி இல்லை. வாயைத் திறந்தேன். கட்டின தொண்டையிலிருந்து கேவல் மாதிரி ஏதோ வந்தது. அவர் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார்.

நாடகம் முடியட்டும், தந்தி பிழையாக வந்துவிட்டது என்று சமாளிக்கலாம் என்பது என் திட்டம். (இப்படியும் ஒரு மண்டை!) இராச்சாப்பாட்டு நேரத்துக்குள் வெள்ளவத்தைச் சனம் எங்கள் வீட்டில் கூடிவிட்டது. ஒருவர் ஐயாவின் தங்கமான குணத்தைச் சொல்லி விம்மினார். அவர் ஐயாவைக் கண்டதே இல்லை. ஊருக்குப் போகவில்லையா என்று கேட்டவர்களுக்கு, தந்தி பிந்தி வந்ததால் எல்லாம் முடிந்துவிட்டது என்றேன். செத்தவீட்டில் சமைக்கக்கூடாது என்று, உண்மை தெரிந்த கந்தசாமியே அடுப்பை மூட்டவும் விடவில்லை. அன்று பசியில் நான் விட்ட கண்ணீர் மட்டும் உண்மையானது.

இதற்கிடையில் அம்பலவாணர் மகேஸ்வரி வீட்டுக்குத் தந்தி அடித்திருந்தார். அவளும் தாயும் சொந்தபந்தமும் வண்டில் பிடித்து எங்கள் ஊருக்குப் போய், படலையிலேயே (வாசற்கதவடியிலேயே) தலையிலடித்து ஒப்பாரி வைக்கத் தொடங்கிவிட்டார்கள். வெற்றிலையை மென்றபடி வெளியே வந்த ஐயா கேட்டாராம்:

"ஆர் பிள்ளையள் செத்தது?"

மகேஸ்வரியின் தாய் அந்த இடத்திலேயே மயங்கி விழுந்தார்.

ஐயாவுக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. செத்தது மகன், தந்தியில் ஆள் மாறிவிட்டது என்று நினைத்துவிட்டார். கிடைத்த ரயிலில் ஏறி, கொழும்பு வரும்வரை அழுதுகொண்டு வந்திருக்கிறார். இதை எழுதும்போதும் எனக்கு வெட்கத்தில் முகம் சுடுகிறது.

ரயிலால் இறங்கி நேரே அம்பலவாணர் வீட்டுக் கதவைத் தட்டினார். கதவைத் திறந்ததும் தான் பட்ட பாட்டை அம்பலவாணர் கடைசிவரை ஒருவருக்கும் சொல்லவில்லை. பிறகு இருவரும் எங்கள் வீட்டுக்கு வர, சமையற்காரர் நாங்கள் நாடகம் போடும் மண்டபத்தைச் சொல்லிவிட்டார்.

மேடையில் நான் சீலை கட்டி, நெஞ்சில் சிரட்டை வைத்து, செத்துக்கிடந்த கந்தசாமியின்மேல் விழுந்து புலம்பிக்கொண்டிருந்தேன். கடைசி வரிசைக்குப் பின்னால், அழுது வீங்கிய முகத்தோடு ஐயா நின்றார். என்னை அறியாமல் "ஐயா!" என்று கத்திவிட்டேன். ராணியின் துயரம் என்று நினைத்துச் சனம் கைதட்டியது.

"வசனம் அதில்லையடா" என்று முணுமுணுத்தது பிணம்.

வெளியே அம்பலவாணர் குதித்தார். "தேப்பனைச் சாகடிச்ச கூத்தாடி! இந்தச் சம்பந்தம் எங்களுக்கு வேண்டாம்!"

ஐயா என் தோளையும் கன்னத்தையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். நான் உயிரோடிருப்பதை நம்ப அவருக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. பிறகு திரும்பினார்.

"பொடியன் செய்தது பிழைதான். ஆனால் செத்தது நான். எனக்கில்லாத கோவம் உங்களுக்கு என்னத்துக்கு?"

அம்பலவாணர் குடையை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டினார். கலியாணம் தப்பியது.

கலியாணத்துக்கு இரண்டு மாதம் இருக்க, ஆனியில் ஐயா உண்மையாகவே போய்விட்டார். மாரடைப்பு. வந்த தந்தியோடு அம்பலவாணரிடம் ஓடினேன்.

"இந்த முறை எந்த மண்டபம் தம்பி?" என்று சிரித்தார்.

வெள்ளவத்தையில் எல்லாரும் சிரித்தார்கள். நான் அழ அழ, நடிப்பு முந்தினதிலும் திறம் என்றார்கள். கொழும்பிலிருந்து நான் மட்டும் தனியாக ரயில் ஏறினேன். மகேஸ்வரி வீட்டுக்குச் செய்தி சொல்ல ஆள் போனது. ஒருமுறை எங்கள் படலையில் அவமானப்பட்டவர்கள் இந்த முறை அசையவில்லை. எங்கள் ஊரிலும் பலர் இதுவும் நாடகம்தான் என்று வரவில்லை. பாடை தூக்க ஆள் போதாமல் தெருவால் போனவர்களைக் கூப்பிட்டோம். ஐயாவுக்காக அழ இருந்த சனத்தையெல்லாம் நான் ஒரு நாடகத்துக்காக முன்கூட்டியே அழவைத்து அனுப்பியிருந்தேன். அதை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

கலியாணம் ஆண்டுத்திவசம் கழிந்தபின்தான் நடந்தது. இப்போது பேரப்பிள்ளைகள் கூடினால் மகேஸ்வரி கதையைத் தொடங்கிவிடுவாள்:

"உங்கடை பூட்டன் ரெண்டு தரம் செத்தவர். முதல் தரம் நாங்கள் எல்லாரும் போய்க் குழறினனாங்கள். ரெண்டாந்தரம் ஒருத்தரும் போகேல்லை."

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். நாடகத்தன்று இரவு மண்டபத்து வாசலில் ஐயா எனக்கு மட்டும் சொன்னதை அவளுக்கு நான் இன்னும் சொல்லவில்லை.

"மற்றவையை விடு. அந்தப் பிள்ளை எனக்காக மெய்யாத்தான் அழுததடா. நான் படலையடியிலை நிண்டு கேட்டனான்."