பூட்டிய வீட்டில் மூன்று விசில்

அன்றைக்கு எங்கள் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள்: நான், என் அம்மா, மதுரையிலிருந்து பெண் பார்க்க வந்திருந்த மாப்பிள்ளை, அவருடைய அப்பா, அவருடைய அம்மா, தரகர். உள்ளறைக் கதவுக்குப் பின்னால், பட்டுச்சேலையில் வேர்த்துக்கொண்டு என் அக்கா கலா. வாசலில் அவர்கள் வந்த வாடகை வேன், அதற்குள் வாயைத் திறந்து தூங்கிய டிரைவர். எதிர் வீட்டில் ஒரு ஆம்ப்ளிஃபையர், இரண்டு ஸ்பீக்கர் பாக்ஸ், ஒரு பென் டிரைவ். மனிதர் என்று சொல்லிக்கொள்ள எதிர் வீட்டில் ஒருவரும் இல்லை. என் பிரச்சினையே அதுதான்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் கவலைப்படுவதற்கென்றே பிறந்தவன். கேஸை மூடினோமா என்று பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கித் திரும்பி வந்து பார்ப்பேன். மூடித்தான் இருக்கும். பார்ப்பதற்காகத் திறந்தேனே, மறுபடி மூடினேனா என்று அடுத்த பஸ்ஸில் கவலைப்படுவேன். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன் (பள்ளிக்கூடம்தான் என்னை விட்டது என்பாள் அக்கா). பிறகு மைக் செட் தொழில். கோயில் கொடை, காதுகுத்து, கட்சிக் கூட்டம், எழவு வீடு எல்லாவற்றுக்கும் ஒரே பாக்ஸ்தான், பாட்டு மட்டும் மாறும்.

ராஜபாளையத்தில் எங்கள் பழைய வீடு ஒரு சந்துக்குள் இருந்தது. இடது பக்கம் மாவு மில், வலது பக்கம் சித்தி வீடு, நடுவில் மைக் செட்டோடு நான். அந்தச் சந்தில் ரகசியம் பேச வேண்டுமென்றால்கூடக் கத்தித்தான் பேச வேண்டும். ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் என் கையில் ஒரு நோட்டீஸைத் திணித்தார்கள். ‘பெருநகருக்கு மிக அருகில், உங்கள் பட்ஜெட்டில், அமைதி தவழும் பூங்குயில் நகர்!’ படித்ததும் விழுந்துவிட்டேன்.

பெருநகர் என்றது மதுரையை. நிற்காத பஸ்ஸில் போனால் இரண்டு மணி நேரம். ஆனால் நிற்காத பஸ் எங்கள் நகருக்குப் பிரியும் விலக்கில் நிற்காது. ‘பள்ளிக்கூடம் அருகில்’ என்று போட்டிருந்தது (கட்டப் போகிறார்களாம்). ‘மருத்துவமனை அருகில்’ என்றும் போட்டிருந்தது (இருக்கிறது, மாடுகளுக்கு). பூங்காவுக்கென்று விட்ட இடத்தில் சீமைக்கருவேலம் செழிப்பாக இருந்தது. நோட்டீஸில் சொன்னவற்றில் அமைதியை மட்டும் சொன்னபடி கொடுத்தார்கள். சொன்னதற்கு மேலேயே கொடுத்தார்கள். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே, மெயின் ரோட்டிலிருந்து மேற்கே உள்வாங்கி, நகரின் பெயர் எழுதிய ஒரு பெரிய அலங்கார வளைவு. அதற்குப் பின்னால் மலை வரைக்கும் மஞ்சள் பெயின்ட் அடித்த மனைக்கற்கள். வீடுகள் நான்கு. அதில் குடியிருந்தது நாங்கள் மட்டும்.

சந்து வீட்டை விற்று, லோன் போட்டு, அம்மாவையும் அக்காவையும் அங்கே கொண்டுபோய் இறக்கினேன். முதல் நாளே அம்மா வாசலில் நின்று நாலு பக்கமும் பார்த்தாள்.

“ஏலே, இங்க நான் வழுக்கி விழுந்து கத்துனா எவன்ல வருவான்?”

“வருவாங்கம்மா. டெவலப் ஆயிரும்.”

“எப்ப? நான் விழுந்த பொறவா?”

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. அக்காவுக்கு வந்த இரண்டு வரன்கள் வளைவோடு திரும்பிப் போனதுதான் வினையாகிவிட்டது. முதல் வீட்டார் தரகர் வழி மாறிக் கூட்டி வந்துவிட்டார் என்று நினைத்துக் காரைத் திருப்பினார்கள். இரண்டாவது வீட்டார் சரியாகவே புரிந்துகொண்டு திருப்பினார்கள். “என் மகளுக்கு எழுதுன கல்யாணத்த இந்தப் பய பொட்டல்ல கொண்டுபோய் விட்டுட்டான்” என்று அம்மா போனில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். அக்காவோ, சோறு போடும்போது கரண்டியால் சட்டியில் ஒரு தட்டுத் தட்டுவாள். அதில் எல்லாம் இருக்கும்.

மூன்றாவதாக வந்ததுதான் மதுரை வரன். வருவதற்கு முந்தின வாரம் மாப்பிள்ளையின் அம்மா எனக்குப் போன் செய்தார்.

“ஆள் நடமாட்டம் இருக்கிற இடந்தான தம்பி?”

“ஐயோ, ஒரே கூட்டம்மா” என்று சொல்லிவிட்டேன். வாய் என்னுடையது, பயமும் என்னுடையது. இடையில் மூளை என்று ஒன்று வரவே இல்லை.

கூட்டத்துக்கு எங்கே போவேன்? ஆட்களைக் கூட்டிவந்து உட்கார வைக்கலாம். ஆனால் எங்கள் ஆட்கள் வந்தால் டிபன் முடிந்ததும் மாப்பிள்ளை வீட்டாரிடமே போய் “உங்க ஊர்ல பவுன் என்ன விலை?” என்று பேச ஆரம்பித்துவிடுவார்கள். அப்போதுதான் என் தொழில் எனக்குக் கைகொடுத்தது. ஆள் வேண்டாம், ஆள் சத்தம் போதுமே! எதிர் வீட்டுக்காரர் சிங்கப்பூரில் இருந்தார். தென்னங்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லி என்னிடம் சாவி கொடுத்திருந்தார். அந்த வீட்டுக்குள் பாக்ஸ் வைத்து ஒரு குடும்பத்தின் சத்தத்தை ஓடவிட்டால் யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள்?

குடும்பச் சத்தத்துக்கு சித்தி வீட்டை விட்டால் வேறு இடம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் போய், போனை ரெக்கார்டிங்கில் போட்டு ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிட்டு வந்தேன். மத்தியானம் போய் எடுத்தேன். போட்டுக் கேட்டால் அமிர்தம்! குக்கர் மூன்று விசில், டி.வி. சீரியல், சித்தி யாரையோ திட்டுவது, மிக்ஸி, தெருவில் போகிற தக்காளி வண்டி. பத்து நிமிடம் கேட்டேன். மீதியும் இப்படித்தான் இருக்கும் என்று அப்படியே பென் டிரைவில் ஏற்றிவிட்டேன். கரண்ட் போனால் என்ன செய்வது என்று பேட்டரி வைத்தேன். எலி வயரைக் கடித்தால் என்று மாற்று வயர் வைத்தேன். மழை பெய்தால் என்றுகூடக் கவலைப்பட்டு ஒரு தார்ப்பாய் வாங்கினேன் (பாக்ஸ் இருந்தது வீட்டுக்குள்ளே). கவலைப்பட வேண்டிய ஒரே ஒரு விஷயத்தைப் பற்றி மட்டும் கவலைப்படவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் தன் தங்கச்சியைப் பார்க்க அதே சித்தி வீட்டுக்குப் போயிருந்தாள்.

வேன் வளைவுக்குள் நுழைந்ததும் ஓடிப்போய் பென் டிரைவைத் தட்டிவிட்டு, கதவைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு வந்து வணக்கம் சொன்னேன். எல்லோரும் உட்கார்ந்தார்கள். எதிர் வீட்டிலிருந்து குக்கர் விசில் அடித்தது. மாப்பிள்ளையின் அப்பா திரும்பிப் பார்த்தார்.

“அந்த வீட்டுல வெளியில பூட்டுத் தொங்குதே தம்பி?”

“அவங்க பின்பக்கமாத்தான் சார் போவாங்க. வாஸ்து.”

“ஓ.” அவர் முகம் ஏனோ வாடிவிட்டது. “அமைதியான இடம்னு தரகர் சொன்னாரு. எங்க தெருவுல விடிஞ்சா அடைஞ்சா ஹாரன் சத்தம். செத்த நேரம் காத ஆற வச்சுட்டுப் போகலாம்னு ஆசையா வந்தேன்.”

சத்தத்தை உடனே நிறுத்த வேண்டும். ஆனால் இப்போது எழுந்து போய்ப் பூட்டைத் திறந்தால் வாஸ்து என்னாவது? சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். இதற்குள் பேச்சு நகைக்கு வந்துவிட்டது. அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அப்பா இல்லாத பிள்ள. பத்துப் பவுனுக்கு மேல ஒரு குந்துமணி எங்களால முடியாது” என்றாள். மாப்பிள்ளையின் அம்மா இரக்கத்தோடு தலையாட்டினார். அந்த நேரம் பார்த்து எதிர் வீட்டில் மிக்ஸி நின்றது.

“ஏக்கா, எம்புட்டுப் போடப் போற?” என்றது எதிர் வீட்டிலிருந்து சித்தியின் குரல்.

“பத்துனு ஆரம்பிப்பேன்டி. கொஞ்சம் அழுதும் பாப்பேன். மசியலன்னா பதினஞ்சு வரைக்கும் ஏறலாம்” என்றது அம்மாவின் குரல்.

அம்மா தலைப்பைக் கண்ணிலிருந்து எடுக்கவே இல்லை. எடுத்தால் எல்லோரையும் பார்க்க வேண்டுமே.

“அதுக்கு மேல கேட்டா?”

“அந்த வீட்ட வித்தாத்தான் உண்டு. அத எவன் வாங்குவான்? இவன மாதிரி இன்னொரு கூறுகெட்டவன் பொறந்து வரணும்.”

மாப்பிள்ளையின் அம்மா காபி டம்ளரைக் கீழே வைத்தார். “பதினஞ்சா?” என்று அவர் கேட்பதற்கும் பாக்ஸ் அடுத்த பேச்சைத் தொடங்குவதற்கும் சரியாக இருந்தது.

“மாப்பிள்ள பேங்க்குல வேலைன்னாகளே?” என்றாள் சித்தி.

“பேங்க்காவது! லோன் கட்டாதவன் வீட்டு வாசல்ல போய் நிக்கிற வேலைடி. விசாரிச்சுட்டேன். தரகர் வாய்ல பேங்க்காயிருச்சு. நாம தெரியாத மாதிரி இருந்துக்கிடணும். நம்மளும் மைக் செட்டுக்காரன சவுண்ட் இன்ஜினியர்னுல்ல சொல்லி வச்சிருக்கோம்.”

தரகர் அடிக்காத போனைக் காதில் வைத்துக்கொண்டு, “அலோ, அலோ” என்று எழுந்து வெளியே போனார். வளைவு வரைக்கும் போனதைப் பார்த்தோம். அதற்குப் பிறகு அவரைப் பார்க்கவில்லை.

நான் சாவியைத் தேடினேன். அவசரத்தில் பையிலிருந்து கேஸ் புக், சில்லறை, ஃபியூஸ் கம்பி எல்லாம் வந்தது, சாவி வரவில்லை. மாப்பிள்ளையின் அப்பா கையை நீட்டி என்னைத் தடுத்தார்.

“உக்காருங்க இன்ஜினியர் தம்பி. முழுசாக் கேட்டுருவோம்.”

பாக்ஸில் சித்தி கேட்டாள்: “சரி, கலா என்னக்கா சொல்லுதா?”

“மாப்பிள்ள போட்டோவ அரிசி டப்பாவுக்குள்ள ஒளிச்சு வச்சிருக்காடி. ஒரு நாளைக்கு நாலு தடவ அரிசி அளக்கா. நாங்க மூணு பேருக்கு எம்புட்டு அரிசி வேணும்?”

உள்ளறையில் ஏதோ டம்மென்று விழுந்தது. கதவு திறந்தது. அக்கா காபித் தட்டும் இல்லாமல், பூவும் சரிந்து, நேராக வந்து என் சட்டைப் பையில் கைவிட்டுச் சாவியை எடுத்தாள். தெருவைக் கடந்தாள். பூட்டைத் திறந்தாள். சத்தம் நின்றது. பூங்குயில் நகரில் அமைதி தவழ்ந்தது.

திரும்பி வந்து எல்லோர் முன்னும் நின்றாள். கன்னமெல்லாம் சிவந்திருந்தது. மாப்பிள்ளையைப் பார்த்து, “எனக்கு உங்க வேல தெரியும். இவன் மைக் செட்டுதான், உங்களுக்கும் தெரிஞ்சுபோச்சு. பத்துன்னா பத்துதான், அதுக்கு மேல எங்கம்மா போட்டா நான் வாங்க மாட்டேன். இனி நீங்க சொல்லுங்க” என்றாள்.

மாப்பிள்ளை எழுந்து நின்றுவிட்டார் (வாசலில் நின்று பழகியவர்). “வீட்டு வாசல்ல போய் நின்னா எல்லாரும் எங்கிட்டப் பொய்தாங்க சொல்வாங்க. உண்மையச் சொன்ன ஒரே வீடு அந்த எதுத்த வீடுதான்” என்றார். பிறகு சிரித்தார். அக்காவும் சிரித்தாள். மாப்பிள்ளையின் அம்மா சிரிக்கவில்லை. “பதினஞ்சுன்னு காதால கேட்டேனே” என்று வேன் ஏறும் வரைக்கும் சொல்லிக்கொண்டே போனார். பத்திலேயே கல்யாணம் முடிந்தது.

மாப்பிள்ளையின் அப்பா பெண்ணைவிட இடத்தைத்தான் அதிகம் பார்த்துவிட்டுப் போனார் என்பது பிறகு தெரிந்தது. ஓய்வு பெற்ற கையோடு அந்த எதிர் வீட்டையே வாடகைக்குப் பேசி, மனைவியையும் கூட்டிக்கொண்டு குடி வந்துவிட்டார். எனக்கு இப்போது அவர்கள் மாமா, அத்தை. இப்போது பூங்குயில் நகரில் இரண்டு குடும்பம். அத்தையின் குக்கர் விசில் அடித்தால், அம்மா வாசலுக்கு வந்து, “ஏலே, அது நெசமா, செட்டா?” என்று கேட்பாள். ராஜபாளையம் சந்தில்கூட இப்போது என்னை எல்லோரும் இன்ஜினியர் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

மாமாவுக்கு ஒரே ஒரு குறை. காலையில் பல் தேய்த்துக்கொண்டே தெருவுக்கு அந்தப் பக்கமிருந்து கேட்பார்: “இன்ஜினியர் தம்பி, பொண்ணு பாக்கன்னு வரச்சொல்லி நாடகம் காட்டுனீங்களே, அன்னைக்கு வேன் வாடகை என்னாச்சு?” உடனே இந்தப் பக்கமிருந்து அம்மா பதில் கொடுப்பாள்: “நாடகம் பாத்தீயல்ல, அதுக்கு டிக்கெட் காசு என்னாச்சு?” எந்தப் பக்கம் பாக்கி என்று தீர்த்துவைக்க எங்கள் நகரில் மூன்றாவது குடும்பம் இன்னும் வரவில்லை. தொகையில் மட்டும் இரு வீட்டுக்கும் சண்டையே கிடையாது: இரண்டாயிரத்து எண்ணூறு ரூபாய்.