பன்னிரண்டு கிலோ குண்டின் வினைச்சொல்

உலகத்தில் எத்தனையோ விமானப்படைகள் குண்டு போட்டிருக்கின்றன. போட்ட குண்டைப் பற்றி இத்தனை அடக்கத்தோடு ஆராய்ந்த படை இது ஒன்றுதான்.

இரண்டு உலகப் போர்களுக்கும் நடுவே அந்தச் சின்னப் படையிடம் இருந்தவை நான்கு விமானங்கள். அவற்றில் மூன்று பறக்கும். குண்டு மட்டும் சொந்தத் தயாரிப்பு: தண்ணீர்க் குழாயை வெட்டி, தகட்டில் வால் பொருத்தி, பச்சை வண்ணம் அடித்த பன்னிரண்டு கிலோ அற்புதம். அற்புதத்துக்கு ஒரே ஒரு குறை. சோதனையில் போட்டது எதுவும் வெடிக்கவில்லை.

பல வருஷம் கழித்துப் படையின் வரலாற்றை நூலாக எழுத உட்கார்ந்த வரலாற்றுப் பிரிவின் ஆய்வாளருக்கு அலுவலகத்தில் 'குண்டு சார்' என்று பெயர். ஆள் என்னவோ ஒட்டடைக்குச்சி. வெடித்த பச்சைக் குண்டு ஒன்றாவது கிடைக்காதா என்று தேடியே அவருக்குத் தலை வழுக்கையானது. கடைசியில் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார்: 'பச்சைக் குண்டு வெடித்ததைப் பார்த்தவர்கள் நேரில் வரவும். தேநீர் உண்டு.'

தங்கை வந்தாள். தலை முழுக்க நரைத்த பிறகும் தெருவில் அவள் தங்கைதான். ரயில் பட்டறையில் செத்துப்போன பையனின் தங்கை. கூரை இடிந்து செத்தான் என்று அன்றைக்கு அரசாங்கம் சொல்லிவிட்டது. அது பொய்யென்று அச்சில் ஒரு வரி வர வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

"வெடிச்சுதாம்மா?" என்றார் குண்டு சார்.

"வெடிச்சுது சார்."

"நல்லா வெடிச்சுதா?"

"எட்டுப் பேர் செத்தாங்க. அதுல எங்க அண்ணனும்."

குண்டு சாருக்குக் கண் கலங்கிவிட்டது. "ரொம்ப நன்றிம்மா!" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு, பக்கத்து அறையைப் பார்த்துக் கத்தினார்: "யோவ், வெடிச்சிருக்குய்யா!" மூன்று பேர் ஓடிவந்து அவளுக்குக் கைகொடுத்தார்கள். பட்டறையில் அண்ணனுக்கு ஒருநாளும் இந்த மரியாதை கிடைத்ததில்லை.

'பட்டறை மீது குண்டு விழுந்தது' என்று குண்டு சார் எழுதப்போனார்.

"விழுந்ததுன்னு எழுதாதீங்க சார். மழைதான் விழும். இது போட்டது. வேலைநிறுத்தம்னு உள்ளே உட்கார்ந்திருந்தாங்க, அவங்க மேல போட்டாங்க."

ஒரு வினைச்சொல்லை மாற்றுவது தனிமனிதர் செய்யும் காரியமா? நூலாக்கக் குழு கூடியது. தலைவர், அந்தக் காலத்து விமானி. இப்போது மூட்டுவலியும் பதக்கங்களுமாக இருந்தார். தங்கைக்குக் கதவோரம் நாற்காலி போட்டார்கள்.

"'விழுந்தது'ன்னா நமக்குக் குறி பார்க்கவே தெரியாதுன்னு ஆயிடும்," என்றார் தலைவர்.

"'போட்டது'ன்னா யார் மேலன்னு கேப்பாங்களே," என்றார் சட்ட அதிகாரி.

"எதிரி மேலன்னு எழுதுங்க."

"அந்த வருஷம் நமக்கு எதிரியே இல்லையே சார்."

"ஏன் இல்ல?"

"நிதி ஒதுக்கல சார்."

தங்கை எழுந்தாள். "அது தானா விழலைங்க ஐயா. விமானம் ரெண்டு சுத்து சுத்திப் பார்த்துட்டுத்தான் போட்டுச்சு. நான் வாசல்லதான் நின்னேன்."

"மூணு சுத்து," என்றார் தலைவர். "வரலாறுன்னா துல்லியம் வேணும்மா. எதிர்க்காத்து வேற."

எல்லோரும் அவரவர் தேநீருக்குள் எதையோ தொலைத்துவிட்டவர்கள்போல உற்றுப் பார்த்தார்கள். குண்டு சார் பேனாவுக்கு மூடி போட்டார், திறந்தார், மறுபடி மூடினார்.

மானத்தைக் காப்பாற்றியவர் மொழி ஆலோசகர். சம்பளம் வாங்குவது இப்படிப்பட்ட வேளைக்குத்தானே! தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார்: "'பன்னிரண்டு கிலோ குண்டு, தன் இலக்கைப் போய்ச் சேர்ந்தது.'"

என்ன வரி! யாரும் போடவில்லை, தானாக விழவும் இல்லை. பஸ் பிடித்து, சில்லறை கொடுத்து, சரியான நிறுத்தத்தில் இறங்கிப் போனதுபோல அத்தனை கௌரவம். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. சட்ட அதிகாரி ஆலோசகரைக் கட்டிக்கொண்டார்.

"இப்ப உங்களுக்குத் திருப்திதானேம்மா?" என்றார் தலைவர் பெருந்தன்மையோடு. "வெளியீட்டு விழாவுக்கு வந்துடுங்க. முதல் பிரதி உங்களுக்குத்தான்."

தங்கை அந்தத் தாளை வாங்கி, ஒரு தடவை வாய்க்குள் படித்துப் பார்த்தாள்.

"நல்லாத்தான் எழுதியிருக்கீங்க ஐயா. ஆள்தான் மாறிப்போச்சு," என்று அதை அவர் முன்னால் வைத்தாள். "விழுந்தது கூரை. போய்ச் சேர்ந்தது எங்க அண்ணன். போட்டது நீங்க."