ஹீலியம் சாரும் ஆவடி லோக்கலும்

பிரபஞ்சம் பிறந்த சில நிமிடங்களில் என்ன நடந்தது என்று கேட்டால், பக்கத்தில் நின்று பிரசவம் பார்த்தவர் மாதிரி சொல்லக்கூடிய ஒருவர் திருமுல்லைவாயிலில் இருந்தார். காலையில் என்ன டிபன் சாப்பிட்டார் என்று கேட்டால் மட்டும், வீட்டுக்குப் போய் மனைவியைக் கேட்டுவிட்டு வந்துதான் சொல்வார்.

எண்பதுகளின் கடைசியில் நான் பாரிமுனையில் குமாஸ்தா. சாயங்கால ஆவடி லோக்கலில் எங்கள் சீட்டாட்டக் கோஷ்டிக்கு எதிரே அவர் உட்கார்ந்திருப்பார். கல்லூரியில் இயற்பியல் பேராசிரியர். சொந்தப் பெயர் யாருக்கு வேண்டும்? எங்களுக்கு அவர் ஹீலியம் சார்.

சாருக்குச் சொந்தமாக ஒரு கொள்கை இருந்தது. ஆதியில் ஈர்ப்பு விசை இப்போதைவிடக் கூடுதலாக இருந்ததாம். மேதைகள் போட்ட கணக்கில் கை வைப்பதென்றால் சும்மாவா? தலைமுடி கறுப்பாக இருந்த காலத்திலிருந்து அதே வேலையாக இருந்தார். பிரின்சிபால் பதவி தேடி வந்தபோதுகூட, ஆராய்ச்சி கெட்டுவிடும் என்று வேண்டாமென்றுவிட்டார்.

அந்தக் காலத்தை யார் போய்ப் பார்த்தது என்று கோஷ்டித் தலைவன் மணி ஒருநாள் அவரை மடக்கினான். மணி பெரம்பூர் ரயில்வே பட்டறையில் இரும்பு கடையும் லேத் ஓட்டுகிறவன்.

"இந்த வண்டி ஊர்ந்து ஊர்ந்து போனா என்ன ஆகும் மணி? நெறைய பேர் வழியிலேயே எறங்கிடுவான். எங்கேயும் நிக்காம பறந்தா?"

"ஆவடில கும்பல் அம்மும் சார்."

"அதேதான். ஈர்ப்பு கூடுதலா இருந்தா பிரபஞ்சம் வேகமா விரிஞ்சிருக்கும். நியூட்ரான் அழிய நேரம் இருந்திருக்காது. மிஞ்சினதெல்லாம் ஹீலியமா ஆயிருக்கும். வானத்துல ஹீலியம் எவ்வளவுன்னு அளந்துட்டாங்க. என் கணக்கு அதோட ஒத்துப்போகணும். போகலன்னா நான் காலி."

கோயில் திருவிழாவில் ஒரு கேஸ் பலூன்காரனிடம் போய், உள்ளே ஹீலியமா என்று ஆசையாகக் கேட்டார். அவன் ஆமாம் என்று தலையாட்டியதுதான் தாமதம், இல்லை, இது ஹைட்ரஜன், தீப்பிடிக்கும் என்று பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டார். ஜனம் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடியது. பலூன்காரன் அழாத குறை. மனசு கேட்காமல் அத்தனை பலூனையும் சாரே வாங்கிக்கொண்டு போனார். அன்றைக்கு அந்த வீட்டில் அடுப்பே மூட்டவில்லை என்று கேள்வி.

கடைசியில், பெரிய ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்த பழைய மாணவர் ஒருவர் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுத் தர ஒப்புக்கொண்டார். முடிவு வரும் நாளில் நாங்கள் சீட்டைத் தொடவே இல்லை. சார் ஏறினார், உட்கார்ந்தார், நாங்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டார்.

"அளந்ததைவிட ஹீலியம் அதிகமா வருதுப்பா. என் கொள்கை தப்பு."

மூடி மறைத்திருக்கலாம். எங்களில் எவனுக்குத் தெரியப்போகிறது? மணிக்குத்தான் பொறுக்கவில்லை.

"கொஞ்சம்தானே சார் ஏறிக்கீது? லேத்துல மாட்டின ஜாப்பு சைஸ் ஏறிட்டா நாங்க இன்னொரு தபா சீவி எடுக்கறோம்ல, அந்த மாதிரி எதுனா பண்ணிக்கோ சார்."

"உன் ஜாப்பு உன் கையில இருக்கு மணி. இது வானத்துல இருக்கு."

"அப்போ இத்தினி வருசம்?"

சார், தன் கொள்கை தப்பு என்று தானே ஆராய்ச்சிப் பத்திரிகைக்குக் கட்டுரை எழுதி அனுப்பப்போவதாகச் சொன்னார். "இந்த வழில இன்னொருத்தன் வந்து மாட்டிக்கக் கூடாது பாரு" என்றபோது குரல் உடைந்தது. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

வாய்ச்சவடாலிலேயே காலம் தள்ளுகிற எத்தனையோ பெரிய மனிதர்களைப் பார்த்தவன் நான். தோற்றதைத் தன் வாயாலேயே முதலில் சொன்ன மனிதரை அன்றுதான் பார்த்தேன்.

திருமுல்லைவாயில் வந்ததும் சார் எழுந்தார். மணியும் எழுந்தான். ஆவடி போக வேண்டிய நாங்கள் அத்தனை பேரும் பின்னாலேயே இறங்கினோம். எங்களுக்கு அங்கே ஒரு வேலையும் கிடையாது. அவரைத் தனியாக வீட்டுக்கு அனுப்ப யாருக்கும் மனசு வரவில்லை.